டிரேக் லாண்டிங் சூரியக் குடியிருப்பு

டிரேக் லாண்டிங், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஓக்கடோக்ஸ் என்னும் ஊரில் உள்ள 52 வீடுகள் கொண்ட குடியிருப்பு. கோடை வெயிலின் வெப்பத்தை நிலத்தடியில் சேமித்துக் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் ஏற்பாடு 2007இல் இங்கே செயல்படத் தொடங்கியது.

குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் வெந்நீர் ஆண்டு முழுவதும் தேவை. வீட்டைச் சூடாக்கும் தேவையோ வெயில் மிகக் குறைந்திருக்கும் மாதங்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. மைனஸ் 30 டிகிரி வரை குளிரும் ஊரில் இந்த முரண்பாடு இன்னும் கடுமை. அதனால் இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள் வைக்கப்பட்டன.

வெந்நீர் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் இருந்த இரண்டு சூரியத் தகடுகள் வெந்நீர்த் தேவையில் சுமார் 60 சதவீதத்தை ஈடுகட்டின. மீதியை எரிவாயு பார்த்துக்கொண்டது.

வீடுகளைச் சூடாக்க, கேரேஜ் கூரைகளில் ஏறத்தாழ 800 தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. உறையாத கிளைக்கால் கரைசல் அவற்றினூடே ஓடிச் சூடேறி, பொது நிலையத்தின் பெரிய தொட்டிகளில் உள்ள தண்ணீருக்கு அந்த வெப்பத்தைக் கொடுத்தது. கோடையில் அந்தத் தண்ணீர் 37 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகளுக்குள் செலுத்தப்பட்டது. துளைக்குள் இறங்கி வளைந்து மேலேறும் குழாயின் வழியே வெப்பம் மண்ணுக்கும் பாறைக்கும் பரவியது.

தண்ணீர் ஓடும் திசையில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. கோடையில் சுடுநீர் நடுத்துளைகளில் நுழைந்து, ஆறியபடியே விளிம்பை நோக்கிச் சென்றது. அதனால் நடுப்பகுதி மிகச் சூடாகவும், வெப்பம் கசியக்கூடிய விளிம்பு குறைந்த சூட்டிலும் இருந்தன. குளிர்காலத்தில் ஓட்டம் திருப்பப்பட்டது. விளிம்பில் நுழைந்த தண்ணீர் நடுவே வந்து முழுச் சூட்டோடு வெளியேறியது.

வீடுகளும் இதற்கேற்பவே கட்டப்பட்டிருந்தன. சுவரிலும் சன்னலிலும் வெப்பம் அதிகம் கசியாததால், குறைந்த சூட்டில் வரும் தண்ணீரே அறைகளுக்குப் போதுமானதாக இருந்தது.

நிலம் சூடேறச் சில ஆண்டுகள் பிடித்தன. முதலாண்டில் வீடுகளைச் சூடாக்கும் தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான் சூரியனிடமிருந்து கிடைத்தது. ஐந்தாம் ஆண்டில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது. 2015-16 குளிர்காலத்தில் 100 சதவீதத்தைத் தொட்டது. இத்தகைய குளிர்நாட்டில் இது அபாரமான சாதனை.

கருவிகள் பழையதாகி மாற்றுப் பாகங்கள் கிடைப்பது அரிதானபோது, அமைப்பை மூடிவிட்டு வீடுகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும் முடிவு 2024இல் வெளியானது. நிலத்தடித் துளைகளில் வெப்பம் சேமிக்கும் முறை ஜெர்மனியின் கிரைல்ஸ்ஹைம், டென்மார்க்கின் பிரெட்ஸ்ட்ரப் ஆகிய ஊர்களிலும் கையாளப்பட்டுள்ளது.