ஈயின் சிறகுத் தசை

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயை நாம் கையால் விரட்டுகிறோமேயன்றி, நின்று நோக்குவதில்லை. ஆயினும் விநாடிக்கு ஏறத்தாழ 200 முறை சிறகடிக்கும் அதன் தசை, நடுக்குவாதம் என்னும் மனித நோயின் மூலத்தை ஆராய்வோர்க்கு வழிகாட்டியது.

சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியில் பணிபுரிந்த கோலிக்கர் என்னும் அறிஞர், 1857-ஆம் ஆண்டில் தசையினுள் மணி மணியாகச் சில துகள்களைக் கண்டார். 1888-இல் பூச்சியின் தசையிலிருந்து அவற்றைப் பிரித்து நீரிலிட்டபோது அவை உப்பின. எனவே, அவற்றைச் சவ்வொன்று சூழ்ந்திருத்தல் வேண்டுமென்று கொண்டார். 1898-இல் பெண்டா என்பார் இழை, மணி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி ‘மைட்டோகாண்ட்ரியா’ எனப் பெயரிட்டார். நாம் ‘இழைமணி’ என்பது அதன் நேர்ப்பெயர்ப்பே. கலைச்சொல் இத்துணை எளிதாய் அமைவது அரிது. உணவின் சத்தைப் பிராணவாயுவின் துணையால் உயிரணுவுக்குரிய ஆற்றலாக்குவது இவ்விழைமணியே.

புழுவுக்குச் சிறகில்லை, சிறகுத் தசை கூட்டுப்புழுப் பருவத்தில்தான் உருவாகிறது. மும்பையிலுள்ள நேயர்கள் கொலாபாவின் கடற்கோடியில் கண்டிருக்கக்கூடிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் பெர்னாண்டஸும் விஜயராகவனும், மைக்கேல் பேட் என்பாருடன் கூடி 1991-இல் இதனை விளக்கினர். புழுவின் தசைகளுட் பெரும்பாலானவை கரைந்தொழிய, மார்பின் பக்கத்திற்கு மூன்று மட்டும் எஞ்சுகின்றன. அவையே அச்சாக நின்று, பிளந்து, ஆறு தசைகளாகின்றன.

இவ்வாறு தோன்றும் தசையில் இழைமணிகளைக் காப்பது யாது? 1998-இல் ஜப்பானிய அறிஞர்கள், இளம் வயதிலேயே நடுக்குவாதம் கண்ட சிலரிடம் ‘பார்க்கின்’ என்னும் ஜீன் பழுதுற்றிருக்கக் கண்டனர். 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அந்த ஜீனை ஈயினின்று நீக்கிப் பார்த்தனர். மூளையிற் கேடு வருமென்று எதிர்பார்ப்பது இயல்பு. சிறகுத் தசையே வெளிப்படையாகச் சிதைந்தது. அச்சிதைவுக்கு முன்னரே இழைமணிகள் உப்பி உருக்குலைந்தன. 2004-இல் ‘பிங்க்-1’ என்னும் மற்றொரு ஜீனும் அந்நோய்க்குக் காரணமெனத் தெரிந்தது. 2006-இல் அமெரிக்கரும் தென் கொரியரும் தனித்தனியே ஆய்ந்து, பிங்க்-1 இல்லாத ஈக்குப் பார்க்கினை மிகுதியாய் அளித்தால் தசை பிழைக்கும், மாற்றிச் செய்தால் பிழையாது என்று காட்டினர். ஆகவே பிங்க்-1 முன்னின்று ஏவுவது, பார்க்கின் அதன்வழிச் செயற்படுவது என்பது பெறப்பட்டது.

ஏவலின் முறை பின்னர்த் துலங்கிற்று. நலமுள்ள இழைமணி பிங்க்-1 புரதத்தை உள்ளிழுத்து அழித்துவிடும். பழுதுற்றதோ அதனை இழுக்கமாட்டாது. புரதம் வெளியிலேயே தங்கிப் பார்க்கினை அழைக்கும். பார்க்கின் அடையாளமிட்ட இழைமணியை உயிரணு விழுங்கிச் செரித்துவிடும். வளர்ப்புக் கலத்து உயிரணுக்களிற் கண்ட இம்முறை உயிருள்ள தசையில் எவ்வளவு நடைபெறுகிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. இந்த ஜீன்களை இழந்த எலிகள் பெரிதும் நலமாகவே திரிந்தன; ஈயோ பறக்கமாட்டாது சிறகு தாழ்ந்து நின்றது.