எபிசோட் 38: டெல்லி கொடுத்த உத்தரவாதம்

கறுப்பு ஜூலை எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "இலங்கைப் போர்ல இந்தியா உண்மையில யார் பக்கம் இருந்துச்சு?" ஆயுதப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான், போராளிகளோட சண்டை போட்டதும் இந்தியாதான், 2009-ல கையைக் கட்டி நின்னதும் இந்தியாதான். ஒரு நாடு எப்படி இத்தனை தடவை பல்டி அடிக்கும்னு கேட்டிருக்கீங்க.

என் பதில் சிலருக்கு எரிச்சலா இருக்கலாம். டெல்லி பல்டியே அடிக்கல. 1983-ல இருந்து அதோட நிலைப்பாடு ரெண்டே வரிதான். இலங்கை ஒரே நாடா இருக்கணும். அந்த ஒரே நாட்டுக்குள்ள தமிழர்களுக்கு உரிமையும் அதிகாரமும் கிடைக்கணும். மாறினது என்னன்னா, அந்த ரெண்டாவது வரிக்காக டெல்லி எவ்வளவு விலை கொடுக்கத் தயாரா இருந்துச்சுங்கிறது. அந்தக் கணக்கு முடிஞ்ச இடம் நான் தினமும் வேலைக்குப் போற வழியில இருக்கு.

நான் ஒரகடத்துல வேலை பார்க்குறேன்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர்னா காரும் போனும் தயாரிக்கிற ஊர். ஆனா இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததே 90-களோட பின்பாதியிலதான். 1991-ல இது ராமானுஜர் பிறந்த தலம்னு தெரிஞ்ச, சென்னை–பெங்களூரு ரோட்டுல இருக்குற ஒரு சின்ன ஊர். எங்களோட வேலை பார்க்குற ஒடிசா, பீகார் பசங்களுக்கு அங்க இருக்குற ராஜீவ் காந்தி நினைவிடம் ஒரு அடையாளம், அவ்வளவுதான். தமிழ்ப் பசங்களுக்கும் அதுக்கு மேல பெருசா தெரியாது. நாங்க யாருமே அப்போ பிறக்கல.

சரி, 1983-க்குப் போவோம். ஜூலை 23 ராத்திரி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில 13 சிங்கள ராணுவ வீரர்களைப் புலிகள் கொல்றாங்க. அடுத்த நாள்ல இருந்து கொழும்புல தமிழர்களோட வீடும் கடையும் எரியுது. அந்த வாரமே இந்திரா காந்தி வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவைக் கொழும்புக்கு அனுப்புறார். பிறகு ஜி. பார்த்தசாரதி சிறப்புத் தூதரா போய், ஜெயவர்த்தனே அரசுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் நடுவுல அதிகாரப் பகிர்வுக்கு ஒரு வரைவு கொண்டு வர்றார். "இணைப்பு சி"ன்னு சொல்வாங்க. இது வெளிய தெரிஞ்ச பாதை. வெளிய தெரியாத பாதையில, அதே காலத்துல, தமிழ் இயக்கங்களுக்கு உளவுத்துறை 'ரா' பயிற்சி கொடுத்துச்சு. உத்தரப் பிரதேச மலைப்பக்கத்துலயும் தமிழ்நாட்டுலயும் முகாம்கள் இருந்துச்சு.

இங்கதான் நம்ம ஊர்ல பெரிய குழப்பம். ஆயுதம் கொடுத்தா தனி ஈழத்துக்கு ஆதரவுன்னு நாம எடுத்துக்கிட்டோம். இயக்கத்துப் பசங்களும் அப்படித்தான் நம்பினாங்க, "இன்னொரு வங்கதேசம்" வரும்னு. டெல்லியோட கணக்கு வேற. ஜெயவர்த்தனே அமெரிக்கா பக்கம் சாய்றார், இஸ்ரேல் ஆலோசகர்கள் வர்றாங்க, பாகிஸ்தான்கிட்ட உதவி வாங்குறார், திருகோணமலை துறைமுகம் யார் கைக்குப் போகுமோன்னு பயம். இயக்கங்கள் கொழும்பைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்துட்டு வர்ற ஒரு கயிறு. பஞ்சாபும் காஷ்மீரும் கையில இருக்குற ஒரு நாடு, பக்கத்து நாட்டைப் பிரிச்சுக் கொடுக்காது. அதுவும், 1963 வரைக்கும் தி.மு.க. திராவிட நாடு கேட்டுக்கிட்டிருந்த ஒரு மாநிலம் எதிர்க்கரையில இருக்கும்போது.

1985-ல பூட்டான் தலைநகர் திம்புல டெல்லி எல்லாரையும் உட்கார வெச்சுது. தமிழர் தரப்பு நாலு கோரிக்கை வெச்சுது: தமிழர் தனி தேசிய இனம், அவங்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, தீவுல இருக்குற எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. கொழும்புக் குழுவுக்குத் தலைமை ஜெயவர்த்தனேவோட தம்பி ஹெக்டர். அவங்க முதல் மூணையும் ஏத்துக்கவே முடியாதுன்னாங்க. பேச்சு உடைஞ்சதும், பாலசிங்கம் உள்பட மூணு பேரை இந்தியா நாடு கடத்த உத்தரவு போட்டுச்சு. பயிற்சி கொடுத்த அதே இந்தியா. அடுத்த வருஷம் நவம்பர்ல பெங்களூரு சார்க் மாநாட்டுச் சமயத்துல புலிகளோட வயர்லெஸ் கருவிகளைத் தமிழ்நாடு போலீஸ் பறிச்சுது, பிரபாகரன் சென்னையில உண்ணாவிரதம் இருந்தார், திருப்பிக் கொடுத்தாங்க. கயிறை இழுக்குறதும் விடுறதுமா இப்படியே போச்சு.

1987 மே மாசம் இலங்கை ராணுவம் வடமராட்சிக்குள்ள இறங்குது. ஜூன் 3-ல இந்தியா நிவாரணப் பொருளோட படகுகளை அனுப்ப, இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிடுது. மறுநாள் பெங்களூருல இருந்து அஞ்சு ஏ.என்.-32 விமானம், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள். யாழ்ப்பாணத்து மேல அரிசியும் பருப்பும் போட்டாங்க. பேரு "ஆபரேஷன் பூமாலை". போட்ட உணவு சுமார் 25 டன்தான், ஒரு குடாநாட்டுக்கு அது எந்த மூலைக்கு? கொழும்புக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க. அதுக்கு எட்டாவது வாரம், ஜூலை 29-ல, ராஜீவும் ஜெயவர்த்தனேவும் கொழும்புல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க.

இந்த ஒப்பந்தத்தை முழுசா படிங்க, ரொம்ப நீளமில்ல. முதல் பாயிண்டே இலங்கையோட ஒற்றுமை, இறையாண்மை, ஆட்புல ஒருமைப்பாடு. அப்புறம் வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியா வாழ்ந்த பகுதிகள்னு ஒத்துக்கிறாங்க. ரெண்டு மாகாணமும் தற்காலிகமா இணையும், 1988 கடைசிக்குள்ள கிழக்குல வாக்கெடுப்பு. நடுவுல ஒரு சின்ன வரி: இந்தத் தீர்வுகளுக்கு இந்திய அரசு பொறுப்பேற்று உத்தரவாதம் அளிக்கும்.

ஒப்பந்தத்தோட ரெண்டு தலைவர்களும் கடிதங்கள் பரிமாறிக்கிட்டாங்க. திருகோணமலையை இந்தியாவோட நலனுக்குப் பாதகமா எந்த நாட்டோட ராணுவத்துக்கும் விடக்கூடாது. அங்க இருக்குற எண்ணெய்த் தொட்டிகளை ரெண்டு நாடும் சேர்ந்து நடத்தணும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களை மறுபரிசீலனை பண்ணணும். டெல்லிக்கு வேண்டியது கடிதத்துல, தமிழருக்கு வேண்டியது ஒப்பந்தத்துலன்னு நான் இதைப் படிப்பேன். ரெண்டுலயும் தமிழர் கையெழுத்து இல்லை. பிரபாகரனை டெல்லிக்குக் கூட்டிட்டுப் போய் அசோகா ஹோட்டல்ல தங்க வெச்சுத்தான் சம்மதிக்கச் சொன்னாங்க. இது முதல் தடவையும் இல்லை. 1964-ல சாஸ்திரியும் சிரிமாவோவும் கையெழுத்துப் போட்டு, மலையகத் தமிழர்கள்ல 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்களே, அப்பவும் தோட்டத்துல இருந்த யாரையும் யாரும் கேட்கல.

கையெழுத்துப் போட்ட மறுநாளே கொழும்புல அணிவகுப்பு மரியாதையில நின்ன ஒரு கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால ராஜீவை அடிச்சார். அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன், தனி எபிசோடே இருக்கு. திலீபன் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 26-ல இறக்குறார். குமரப்பா, புலேந்திரன் உள்பட 12 பேர் இலங்கை ராணுவக் காவல்ல சயனைடு சாப்பிட்டுச் சாகறாங்க. அக்டோபர் 10-ல இந்திய அமைதிப்படையும் புலிகளும் மோத ஆரம்பிக்கிறாங்க. 21-ஆம் தேதி தீபாவளி, அன்னைக்கு யாழ் ஆஸ்பத்திரிக்குள்ள அமைதிப்படை சுட்டதுல டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் செத்தாங்க. உத்தரவாதம் கொடுத்தவன் காவலனா இருக்கணும், சண்டைக்காரனா மாறினா அந்த உத்தரவாதத்தை யார் நம்புவாங்க?

ரெண்டரை வருஷத்துல ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் செத்தாங்க. புது அதிபர் பிரேமதாசா "வெளிய போங்க"ன்னார், புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24-ல கடைசிப் படை கப்பல் ஏறுச்சு. சென்னையில வந்து இறங்கினவங்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகல. போயிருக்கணுமா வேண்டாமான்னு இன்னைக்கும் நம்ம வீடுகள்ல சண்டை நடக்கும். எங்க அப்பாவும் பெரியப்பாவும் பொங்கலுக்குப் பொங்கல் இதைப் பேசி மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க.

1991 மே 21. காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க ராஜீவ் ஸ்ரீபெரும்புதூர் வர்றார். ராத்திரி பத்தேகாலுக்கு மேல குண்டு வெடிக்குது. பக்கத்துல நின்ன போலீஸ்காரங்க, கட்சிக்காரங்கன்னு இன்னும் பல பேர் அதே இடத்துல செத்தாங்க. அடுத்த மே மாசம் புலிகளுக்குத் தடை. அந்த வருஷமே தமிழ்நாட்டு முகாம்கள்ல இருந்த அகதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. விருப்பப்பட்டுத்தான் போறாங்கன்னு அரசு சொல்லுச்சு. முகாமுக்குள்ள இருந்தவங்களுக்கு எவ்வளவு விருப்பம் இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. குண்டு வெச்சவங்களுக்கும் முகாம்ல ரேஷன் வாங்கினவங்களுக்கும் ஒரே தண்டனை.

ரெண்டு வரி நிலைப்பாடு அப்புறமும் அப்படியேதான் இருந்துச்சு. அதுக்காக எதையும் செய்ற மனசு போயிடுச்சு. 2000 ஏப்ரல்ல ஆனையிறவு புலிகள்கிட்ட விழுந்து, யாழ்ப்பாணத்துல ஆயிரக்கணக்கான இலங்கை வீரர்கள் மாட்டினப்போ கொழும்பு டெல்லியைக் கூப்பிட்டுச்சு. ராணுவ உதவி கிடையாதுன்னு வாஜ்பாய் அரசு சொல்லிடுச்சு. சமாதானம் பேச நார்வே வந்தப்போ இந்தியா தள்ளி நின்னு பார்த்துச்சு. 2002-ல கிளிநொச்சி பத்திரிகையாளர் சந்திப்புல பிரபாகரன் ராஜீவ் கொலையை "துன்பியல் சம்பவம்"னு சொன்னார். டெல்லிக்கு அது போதல.

2008-09-ஐப் பத்தி நம்ம யாருக்கும் நிதானமா பேச வராது, எனக்கும்தான். அக்டோபர்ல தமிழ்நாட்டு அனைத்துக் கட்சிக் கூட்டம், எம்.பி.க்கள் ராஜினாமா மிரட்டல், மழையில மனிதச் சங்கிலி. பசில் ராஜபக்ச டெல்லி வந்து பேசிட்டுப் போனார், ராஜினாமா அடங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் மூணு மூணு அதிகாரிகள் போன்லயே தொடர்புல இருந்தாங்க. இந்தியா பக்கம் எம்.கே. நாராயணன், சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். அந்தப் பக்கம் பசில், கோத்தபய, லலித் வீரதுங்க. ஜனவரி 29-ல முத்துக்குமார் சாஸ்திரி பவன் முன்னாடி தீக்குளிச்சார். ஏப்ரல் 27-ல கருணாநிதி அண்ணா சமாதியில உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதம் இனி கிடையாதுன்னு கொழும்பு அறிவிச்சதும், சில மணி நேரத்துல முடிச்சுக்கிட்டார். மே 13-ல தமிழ்நாடு ஓட்டுப் போட்டுச்சு. மே 18, 19-ல முள்ளிவாய்க்கால்ல எல்லாம் முடிஞ்சது. கனரக ஆயுதத் தாக்குதல் அந்த அறிவிப்புக்கு அப்புறமும் நிக்கலன்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல சொல்லுச்சு. கடைசிக் கட்டத்துல செத்த பொதுமக்கள் 40,000 வரைக்கும் இருக்கலாம்னும் அதே அறிக்கை சொல்லுது.

"அப்பவே இந்தியா படை அனுப்பியிருக்கணும்"னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தடவை அனுப்பினதோட கதையை இப்பத்தான் பார்த்தோம். என் கேள்வி அதைவிடச் சின்னது. 1987-ல உத்தரவாதம்னு எழுதிக் கொடுத்த நாடு, அந்தத் தாளைக் கையில எடுத்து "இது என் கையெழுத்து"ன்னு கேட்டிருக்கலாமே? 2006-ல இலங்கை உச்ச நீதிமன்றம் வடக்கு-கிழக்கு இணைப்பு செல்லாதுன்னப்போ கேட்டிருக்கலாம். போர் முடிஞ்ச அடுத்த வாரம் கேட்டிருக்கலாம். அந்த வாரம் என்ன நடந்துச்சு? ஜெனீவாவுல மனித உரிமைக் கவுன்சில் சிறப்புக் கூட்டம். இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு சீனா, பாகிஸ்தானோட சேர்ந்து இந்தியாவும் ஓட்டுப் போட்டுச்சு. அந்தத் தீர்மானத்துலயும் 13-வது திருத்தம் பத்தி ஒரு வரி இருக்கு. ஒப்பந்தத்துல இருந்து பிறந்த மாகாண சபைச் சட்டம் அது.

2012-லயும் 2013-லயும் இந்தியா அமெரிக்கத் தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு. காரணம் நம்ம ஊர்ல தேடுங்க. 2013 மார்ச்ல காலேஜ் காலேஜா பசங்க உண்ணாவிரதம் இருந்தாங்க, தீர்மானத்தை இன்னும் கடுமையாக்கணும்னு தி.மு.க. மத்திய அரசுல இருந்தே வெளிய வந்துச்சு. 2014-ல சர்வதேச விசாரணைன்னு வந்ததும் இந்தியா நடுநிலை. 2021-லயும் 2022-லயும் அதேதான். ஓட்டு மாறினாலும், பேசுற இந்தியப் பிரதிநிதி 13-வது திருத்தத்தைச் சொல்லாம உட்கார மாட்டார்.

1987 காகிதங்கள்ல எது உயிரோட இருக்குன்னு கடைசியா பார்த்துடலாம். திருகோணமலையில 99 எண்ணெய்த் தொட்டிகள் இருக்கு. 2022 ஜனவரியில கையெழுத்தான ஒப்பந்தப்படி 61-ஐ ரெண்டு நாட்டு நிறுவனங்களும் கூட்டா நடத்தும், 14 இந்தியன் ஆயில் துணை நிறுவனத்துக்கு, 24 இலங்கைக்கு. கடிதத்துல எழுதினது 35 வருஷம் கழிச்சாவது நடந்துச்சு. ஒப்பந்தத்துல எழுதின மாகாண சபைக்கு வடக்குல முதல் முறையா தனியா தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர். விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனார். 2018 அக்டோபர்ல அந்தச் சபையோட காலம் முடிஞ்சது. இந்த எபிசோடைப் பதிவு பண்ற வரைக்கும் அடுத்த தேர்தல் நடக்கல.

அடுத்த எபிசோடுல 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தம். கப்பல்ல வந்து இறங்கின தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உங்க ஊர்ல இருந்தா, அவங்க பேச விரும்பினா, எனக்கு எழுதுங்க.