தடுப்புக்காவல் உரிமைகள் (இலங்கை)

பயங்கரவாதச் சந்தேகநபர்களைக் குற்றச்சாட்டின்றித் தடுத்துவைக்க இலங்கையில் அடிப்படையாக இருப்பது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகும். தற்காலிகமாக இயற்றப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டம், அமைச்சரின் கட்டளையால், மும்மாதத்துக்கொருமுறை நீடித்து, 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வெல்லையை 12 மாதங்களாகக் குறைத்தது. சாதாரண வழக்குகளில் பொலிஸாரிடம் அளிக்கும் குற்றஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்றிருக்க, இங்கு உதவிப் பொலிஸ் அத்தியட்சரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிந்த வாக்குமூலம் ஏற்கப்படுவதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் சுமையும் சந்தேகநபர்மீதே விழுகிறது. தனிச் சிறையில் இருப்பவர் அதை எவ்வாறு நிறுவுவார் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையைத் தந்தாலும், அது மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உச்ச நீதிமன்றத்தை நாடவேண்டியிருப்பதால், மலையகத்தில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து பிடிக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்துக்கு அது எட்டாத தூரம்.

காவலில் உள்ளவரின் உயிருக்கு அரசே பொறுப்பு என்ற கடப்பாடு அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள பண்டாரவளையில் தகர்ந்தது. அங்குள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25 அன்று, பொலிஸார் காவலில் நின்றிருந்தபோதே கும்பலொன்று புகுந்து, அங்கு தடுத்துவைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. சனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் பொலிஸார் உட்பட ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005இற்குள் அத்தண்டனைகள் அனைத்தையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது.