கடனீரேரியின் நிறமும் செய்மதியின் நோக்கும்

வானத்தை ஆராய்ந்த ஒருவரே கடல்நீரின் தெளிவை அளத்தற்கும் வழிகாட்டினார் என்பது அறிவியல் வரலாற்றிற் காணப்படும் சுவையானதொரு செய்தியாகும். உரோமாபுரியில் வானாராய்ச்சி நிலையமொன்றின் தலைவராய் விளங்கிய அஞ்சலோ செக்கி என்னும் இயேசுசபைக் குரவர், 1865ஆம் ஆண்டிற் பாப்பரசரின் கப்பலொன்றில் மத்தியதரைக் கடலிற் சென்று, வெண்ணிறத் தட்டொன்றைக் கயிற்றிற் பிணித்து நீருள் இறக்கினார். அத்தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவிற்கு அளவாயிற்று. இன்றும் அக்கருவி செக்கித்தட்டு என்றே வழங்குகின்றது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அதே நீரை வானிலிருந்து நோக்கும் காலம் பிறந்தது. எனினும், நீரின் நிறத்தைக் காண்டல் வேறு. நீரின் நிலையை அறிதல் வேறு. இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவது ஸ்பெயின் தேசத்துக் கடனீரேரியொன்றின் அண்மைக்கால வரலாறு.

ஐக்கிய அமெரிக்கா 1972ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் விண்ணிற் செலுத்திய முதலாம் லாண்ட்சற் செய்மதி நிலத்தை ஆராய்தற்பொருட்டு அமைந்தது. கடலின் நிறத்தை அளத்தற்கெனவே ஆக்கப்பட்ட முதற் கருவி, 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஏழாம் நிம்பஸ் செய்மதியில் இடம்பெற்று 1986ஆம் ஆண்டுவரை தொழிற்பட்டது. அக்கருவி அடிப்படையாகக் கொண்ட உண்மை எளியது. நீரில் மிதக்கும் நுண்தாவரங்களில் உள்ள பச்சையம் நீலவொளியையும் செவ்வொளியையும் உறிஞ்சும்; பச்சையொளியை அத்துணை உறிஞ்சாது. ஆகவே, கடலிலிருந்து மீளும் நீலவொளிக்கும் பச்சையொளிக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பச்சையத்தின் செறிவைக் கணிக்கலாம்.

ஆழ்கடலிற் பயன் தந்த இம்முறை ஆழமற்ற கடனீரேரிகளில் இடர்ப்பட்டது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஆழமற்ற தெளிந்த நீரில் ஒளி அடித்தளத்தை எட்டி மீளும். அடியில் உள்ள வெண்மணலும் கரிய பாசியும் நீரின் நிறமெனவே செய்மதிக்குத் தோற்றும். இரண்டாவது, காற்றாற் கலங்கிய சேறும், நிலத்திலிருந்து கரைந்து வரும் மக்கிய பொருள்களும் பச்சையத்தின் அடையாளத்தை மறைக்கும். மூன்றாவது, முற்காலக் கருவிகளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகலமான பரப்பு முழுவதும் ஒரே புள்ளியாகத் தெரிந்தமையால், ஒடுங்கிய நீரேரிகளிற் கரையும் நீரும் ஒன்றாகக் கலந்தன. 2015ஆம் ஆண்டில் ஐரோப்பா ஏவிய இரண்டாம் சென்ரினல் செய்மதி பத்து மீற்றர் அளவான புள்ளிகளையும் பிரித்துக் காட்டியமையால், மூன்றாவது இடர் பெரிதும் நீங்கிற்று. ஏனைய இரண்டும் நீங்கில.

ஸ்பெயினின் தென்கீழ்க் கரையில், மூர்சியா மாகாணத்தில் உள்ளது மார் மெனோர். அப்பெயர்க்குச் சிறுகடல் என்பது பொருள். ஏறத்தாழ 135 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இந்நீரேரியின் பேராழம் 7 மீற்றரளவே. லா மங்கா என்னும் நீண்ட மணற்றிடர் இதனைக் கடலினின்றும் பிரிக்கின்றது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் படகுகளின்பொருட்டு எஸ்தாசியோக் கால்வாய் அகழ்ந்து விரிக்கப்பட்டது. கடல்நீர் மிகுதியாக உட்புகவே, நீரேரியின் கடும் உவர்ப்புக் குறைந்தது. 1979ஆம் ஆண்டில் தாஹோ ஆற்றின் நீர் செகூராப் படுகைக்குத் திருப்பப்பட, அருகிலுள்ள வறண்ட சமவெளி காய்கறி விளையும் செழுநிலமாயிற்று. வயல்களிற் பெய்த பசளையில் எஞ்சிய நைத்திரேற்று, நிலத்தடி நீர்வழியாகவும் வெள்ளவாய்க்கால்கள் வழியாகவும் நீரேரியை அடைந்தது.

ஆயினும் நீர் நெடுங்காலம் தெளிவாகவே இருந்தது. அடித்தளத்திற் படர்ந்த கோலெர்ப்பா என்னும் பச்சைப் பாசியும் கடற்புற்களும் வந்துசேர்ந்த போசணைப்பொருளை உண்டு தம்முள் அடக்கின. மேலிருந்து நோக்கினோர்க்குத் தெளிந்த நீர் நலத்தின் அறிகுறியாகத் தோன்றியது. உண்மையில் அது பொறுமையின் அறிகுறியாகவே இருந்தது. 2016ஆம் ஆண்டில் அப்பொறுமை எல்லை கடந்தது. நுண்தாவரங்கள் பல்கிப் பெருக, நீர் பச்சைக் குழம்பாயிற்று. ஒளி அடித்தளத்தை எட்டாமையால், அடித்தளத் தாவரப் பரப்பில் ஏறத்தாழ 85 வீதம் அழிந்தது. செய்மதிப் படங்கள் அம்மாற்றத்தை ஐயமறக் காட்டின. ஆனால், அவை காட்டிய வேளையிற் கேடு விளைந்து முடிந்திருந்தது.

2019ஆம் ஆண்டு செப்ரெம்பரிற் பெய்த பெருமழை வேறொரு பாடத்தைப் புகட்டியது. வெள்ளம் கொணர்ந்த நன்னீர் மேலே மிதக்க, பாரமான உவர்நீர் கீழே தங்கிற்று. மேல்நீரின் ஒட்சிசன் கீழே சென்று கலக்கவில்லை. ஒக்ரோபர் 12ஆம் நாள் மீன்களும் இறால்களும் மூச்சுத்திணறிக் கரையில் வந்து குவிந்தன. வெள்ளத்தின் சேற்றுநிறத்தைச் செய்மதி காணும். நிறமற்ற நைத்திரேற்றையோ அடிநீரில் ஒட்சிசன் அற்றுப்போதலையோ அது நேரிற் காணமாட்டாது. அவற்றை அறிதற்குப் படகிற் சென்று நீரை முகந்து சோதித்தலும், நீருள் அளவுகருவிகளை நிறுத்தலும் வேண்டும். 2021ஆம் ஆண்டு ஓகத்திலும் மீன்கள் பெருந்தொகையாய் மடிந்தன.

அதன்பின் மக்கள் வாளாவிருக்கவில்லை. 6 இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தின் பயனாக, 2022ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் மார் மெனோருக்குச் சட்டத்தின்முன் ஆளுமை வழங்கியது. ஐரோப்பாவில் இத்தகைய உரிமை பெற்ற முதல் இயற்கை நிலை இதுவே. 2024ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

உரிமை பெற்ற நீரேரிக்குச் சாட்சியும் வேண்டும். அவ்விடத்தே செய்மதியின் தொண்டு பெரிது. 1972ஆம் ஆண்டு தொடக்கம் சேர்த்துவைக்கப்பட்ட லாண்ட்சற் படங்கள் 2008ஆம் ஆண்டு முதல் விலையின்றி யாவர்க்கும் கிடைக்கின்றன. வயல் விரிந்ததும் நீர் நிறம் மாறியதும் ஒரே படத்தொகுதியில் அடங்கியிருத்தலின், காரணத்தையும் காரியத்தையும் ஒருங்குவைத்து ஆராய்தற்கு அவை உதவும். கல்வெட்டும் ஏடும் வரலாற்றாசிரியனுக்கு எவ்வாறோ, அவ்வாறே இப்படங்களும் நீரின் வரலாற்றை எழுதுவோனுக்கு ஆவணங்களாம். ஆனால், ஆவணம் தானே பேசாது. செய்மதி தரும் எண்களைச் சரிபார்த்தற்கு, செக்கியின் வெண்தட்டு இன்றும் நீரேரிகளில் இறக்கப்படுகின்றது. விண்ணிலிருந்து நோக்குவது எங்கும் பரந்து காணும். நீரில் இறங்குவது ஆழ்ந்து காணும். இவ்விரண்டும் கூடியும், நிலத்தில் இடும் பசளையைக் குறைக்க மாந்தர் முன்வாராவிடின், பெறுவது காலங்கடந்த சான்றேயன்றிக் காவலன்று.