பராமரிப்பு இல்லங்களில் ரப்பர் தரை

முதியோர் இல்லங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பகங்களிலும் வழுக்கலைக் குறைக்கவும் நெடுங்காலம் தேயாமல் உழைக்கவும் தளத்தின்மீது ஒட்டப்படும் மீள்தன்மையுள்ள விரிப்பு ரப்பர் தரை ஆகும். இயற்கை ரப்பரையோ செயற்கை ரப்பரையோ கனிமப் பொடிகளோடும் நிறமிகளோடும் கலந்து, கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியேற்றும் வல்கனைசேஷன் முறையில் இது உருவாகிறது.

ரப்பர் பட்டை பொருத்திய ஊசலை ஈரத் தரைமீது உரசவிட்டு வழுக்குத்தடை அளக்கப்படுகிறது. பிரிட்டனில் 36 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள தரையே வழுக்கும் வாய்ப்புக் குறைந்ததாகக் கொள்ளப்படுகிறது. மக்கள் வெறுங்காலோடு நடக்கும் குளியலறைக்கு மென்மையான பட்டையால் சோதிப்பது பொருத்தமானது. எனினும் இம்மதிப்பு கூடக்கூட நல்லது என்று கருதுவது தவறு. பார்க்கின்சன் நோயால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடப்பவரை மிகுதியான பிடிப்பே இடறச் செய்யும். குமிழ் பதித்த பரப்பும் அத்தகையோருக்கு ஏற்றதன்று. சக்கர நாற்காலியில் செல்பவரின் உடலை அது அதிரவைப்பதோடு, குமிழ்களுக்கிடையே அழுக்கும் தங்கும்.

தடித்த, மெத்தென்ற தரை எலும்பு முறிவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையையும் எச்சரிக்கையோடு அணுகவேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தின் 150 அறைகளில் நான்காண்டுகள் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வில், வினைல் விரிப்பின் அடியில் 2.54 செ.மீ. தடிமனில் இடப்பட்ட அதிர்வுதாங்கும் ரப்பர் அடுக்கு, ஒட்டுப்பலகை இட்ட அறைகளோடு ஒப்பிடுகையில் கடுங்காயங்களைக் குறைக்கவில்லை. மேலும், சக்கரங்கள் அமிழும் தரையில் நாற்காலியையும் நோயாளியைத் தூக்கும் கருவியையும் தள்ளக் கூடுதல் விசை தேவைப்படுவதால், அச்சுமை பணியாளர்களின் முதுகிலும் தோளிலும் இறங்குகிறது. விலைப்பட்டியல்கள் பேசாத இதனைத் தேர்வாளர் மறக்கலாகாது. ஆகவே வாங்குவதற்குமுன் ஆள் அமர்ந்த நாற்காலியை மாதிரித் தரையில் உருட்டிப் பார்ப்பது நன்று.

மறதிநோய் உள்ளோர் கரும்பட்டையைப் பள்ளமாகவும் பளபளப்பை ஈரமாகவும் எண்ணித் தயங்கக்கூடும் என்பதால், ஒளி மங்கிய ஒரே சாயலான தரையும், அதிலிருந்து தெளிவாக வேறுபடும் சுவரும் வேண்டும்.

ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடித்தளமே. கான்கிரீட்டின் ஈரத்தை அளக்காமல் ஒட்டினால் பசை இளகி விரிப்பு உப்பும். அம்மேடே பின்னர் இடறும் இடமாகும். சிறுநீரும் கழுவுநீரும் அடியில் இறங்காதவாறு இணைப்புகளை அடைத்து, ஓரங்களைச் சுவரில் வளைத்தேற்றுவதும் இன்றியமையாதது. எண்ணெயும் கொழுப்பும் பல ரப்பர் வகைகளை ஊதச் செய்வதால், சமையலறைக்கு வேறு தரையே உகந்தது.