உடல் வெப்பம் சொல்லும் கருத்தரிப்பு நாள்: மோதிரத்தையும் வாட்சையும் எவ்வளவு நம்பலாம்?

திருமணமாகி ஓராண்டு கடந்துவிட்டால் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி பெண்ணிடம்தான் முதலில் வருகிறது. தறிச் சத்தம் கேட்கும் காஞ்சிபுரத்துத் தெருக்களும் இதற்கு விதிவிலக்கல்ல. கருத்தரிக்க ஏற்ற நாளைக் கணித்துச் சொல்வதாக மோதிரங்களும் வாட்சுகளும் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் முன் அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதை நாம் தெரிந்துகொள்வோம்.

எப்படி வேலை செய்கிறது?

கருமுட்டை வெளியானதும் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனால் உடலின் ஓய்வுநிலை வெப்பம் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. அடுத்த மாதவிடாய் நெருங்கும் வரை அது குறைவதில்லை. முன்பு காலையில் படுக்கையை விட்டு எழும் முன் தெர்மாமீட்டரில் அளந்து தாளில் குறித்து வந்தார்கள். ஔரா மோதிரம், 2022ல் வந்த சீரிஸ் 8 முதலான ஆப்பிள் வாட்சுகள், பெங்களூரு நிறுவனமான அல்ட்ராஹியூமனின் மோதிரம் ஆகியவை தூக்கத்தின்போது தோலின் வெப்பத்தை அளக்கின்றன.

முக்கியமான குறை

வெப்பம் உயர்வது முட்டை வெளியான பிறகுதான். விந்தணு 5 நாட்கள் வரை உயிருடன் இருக்கும். முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. எனவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமே வாய்ப்புள்ளவை. வெப்பம் உயர்ந்ததைக் கருவி காட்டும்போது அம்மாத வாய்ப்பு ஏறக்குறைய முடிந்திருக்கும். அடுத்த மாதத்திற்கு அது சொல்லும் தேதி, பழைய மாதங்களை வைத்துப் போட்ட கணக்கு. பிசிஓஎஸ் போன்ற காரணங்களால் மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் தவறும்.

நமது வாழ்க்கை முறையும் கணக்கை மாற்றும். ரமலானில் ஸஹருக்கு எழுவது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பது, காய்ச்சல், புழுக்கமான கோடை இரவு ஆகியவை அளவைக் குழப்பக்கூடியவை.

குழந்தையைத் தள்ளிப்போட இவற்றை நம்புவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஸ்வீடனின் நேச்சுரல் சைக்கிள்ஸ் செயலிக்கு 2018ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. வழக்கமான பயன்பாட்டில் ஓராண்டில் 100 பெண்களில் 6 அல்லது 7 பேர் கருவுறலாம் என்பதே அதன் கணக்கு.

கணவருக்கும் பரிசோதனை தேவை

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெரிவித்தது. இதில் ஆண் தரப்புக் காரணங்களுக்கும் பெரும் பங்குண்டு. எந்த மோதிரமும் விந்தணுவைப் பரிசோதிக்காது. ஓர் எளிய லேப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். மனைவி மாதக்கணக்கில் வாட்ச் அணிந்து காத்திருக்க, கணவர் ஒருமுறைகூட பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது நியாயமல்ல.

மனைவியின் வயது 35க்குக் கீழ் என்றால் ஓராண்டு முயற்சிக்குப் பின்னும், 35ஐக் கடந்தவர் என்றால் 6 மாதத்திற்குப் பின்னும் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவியில் பதிவான விவரங்களை மருத்துவரிடம் காட்டலாம். அவருக்கு அது ஒரு குறிப்பாக உதவும்.

குழந்தை அல்லாஹ்வின் அருட்கொடை. அதற்கான முயற்சியும் பொறுப்பும் கணவன், மனைவி இருவருக்கும் உரியது. வீட்டுப் பெரியவர்கள் மருமகளிடம் கேட்கும் கேள்வியை நிறுத்தி, இருவரையும் மருத்துவரிடம் அனுப்பி வைத்தாலே பாதிச் சுமை குறையும்.