கல்லூரி கவுன்சிலரிடம் பேசினால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? சட்டம் என்ன சொல்கிறது? - முழு விளக்கம்

தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இன்ஜினியரிங் சீட்டுக்கான கலந்தாய்வுதான். ஆனால் சீட் கிடைத்து கல்லூரிக்குள் நுழைந்த பிறகு தேவைப்படும் கவுன்சிலிங் ஒன்று இருக்கிறது. அரியர், ஹாஸ்டல் தனிமை, காதல் முறிவு, கல்விக் கடன், ராகிங், சாதியைக் குத்திக்காட்டும் பேச்சு என மனதை அழுத்தும் எதையும் மனம்விட்டுப் பேசுவதற்கான உளவியல் ஆலோசனை அது.

இதற்கென அறையும் ஆளும் இருக்கும் கல்லூரிகளில்கூட மாணவர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார்கள். "ஹெச்.ஓ.டி.க்குத் தெரிஞ்சிடுமோ?", "வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டா?", "பிளேஸ்மென்ட்ல பிரச்னை வருமா?" என்ற பயம்தான் முக்கியக் காரணம். இந்தப் பயம் எவ்வளவு நியாயமானது? மாணவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

பிரச்னை எவ்வளவு பெரியது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்திருக்கிறார்கள். அதிக எண்ணிக்கை மகாராஷ்டிராவில், 1,764. அடுத்த இடத்தில் தமிழ்நாடு, 1,416. இதில் பள்ளி மாணவர்களும் அடக்கம்.

இது உயிரிழந்தவர்களின் கணக்கு மட்டுமே. தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், வகுப்புக்கே போகாமல் அறைக்குள் முடங்கிக் கிடப்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். கல்லூரி கவுன்சிலிங் முதலில் அவர்களுக்கானது.

கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட்: என்ன வித்தியாசம்?

மூவரும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பது இவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மனநலப் பரிசோதனைகளையும் உளவியல் சிகிச்சையையும் செய்பவர். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சிலர் என்பவர் உளவியலோ சமூகப் பணியோ படித்து, பேச்சு வழியாக உதவி செய்பவர். கல்லூரிகளில் பெரும்பாலும் இருப்பது இவர்தான்.

எனவே கவுன்சிலிங் போனாலே மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. தேவைப்பட்டால் மட்டுமே கவுன்சிலர் மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்.

உள்ளே என்ன நடக்கும்?

ஒரு அமர்வு வழக்கமாக முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். முதல் நாளில் என்ன பிரச்னை, எப்போதிலிருந்து, தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கிறது, வீட்டிலும் நண்பர்களிடமும் உறவு எப்படி என்று கேட்பார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"நல்லா படி, எல்லாம் சரியாயிடும்" என்று அறிவுரை சொல்வது கவுன்சிலிங் அல்ல. மாணவரே தன் நிலைமையைத் தெளிவாகப் பார்க்கவும், அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கவும் உதவுவதே அதன் வேலை. ஒரே நாளில் தீர்ந்துவிடாது. சில வாரங்கள் போக வேண்டியிருக்கலாம். ஒருவரிடம் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேட்பதிலும் தவறில்லை.

பேசியது வெளியே போகுமா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. சிகிச்சை தரும் நிபுணர்கள் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். இதே ரகசியத்தைக் காப்பது கவுன்சிலிங் தொழிலின் அடிப்படை அறமாகவும் இருக்கிறது.

18 வயது நிறைந்த மாணவர் சட்டப்படி மேஜர். அவர் கவுன்சிலிங் போக பெற்றோரின் கையெழுத்து தேவையில்லை. போனதை அவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவரது முடிவு. முதலாண்டில் 17 வயதில் சேர்ந்திருப்பவர்கள் விஷயம் மட்டும் வேறு. மைனர் என்பதால் சிகிச்சை என்று வரும்போது பெற்றோருக்கோ காப்பாளருக்கோ அதில் பங்கு உண்டு.

ரகசியத்துக்கு விதிவிலக்குகளும் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்ற நிலை, இன்னொருவருக்குத் தீங்கு நேரக்கூடிய நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சூழல்களில் தகவலைப் பகிரலாம். அப்போதும் ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்லலாம். மாணவர் சொன்ன முழுக் கதையையும் கொட்டிவிட முடியாது.

"தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா?" என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது இதே சட்டத்தின் 115-வது பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

உச்ச நீதிமன்றம் என்ன உத்தரவிட்டது?

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளைத் தடுக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25-ம் தேதி, வேறொரு வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தனிச் சட்டம் வரும்வரை இவை கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அவற்றில் முக்கியமானவை:

• 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சிலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியே உள்ள மனநல நிபுணர்களுடன் முறையான ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

• தேர்வுக் காலங்களில் சிறு சிறு குழுக்களாக மாணவர்களுக்கு வழிகாட்டியோ கவுன்சிலரோ ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஆதரவு ரகசியம் காப்பதாக இருக்க வேண்டும்.

• ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும்.

• உதவி எண்களை ஹாஸ்டல், வகுப்பறை, இணையதளம் ஆகியவற்றில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும்.

• மனநல நடவடிக்கைகள் குறித்த பதிவுகளில் மாணவரின் அடையாளம் இருக்கக் கூடாது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

ஆள் நியமிப்பது எளிது. நம்பிக்கையைப் பெறுவதுதான் கடினம். இன்டர்னல் மார்க் போடும் பேராசிரியரே கவுன்சிலராகவும் இருந்தால், எந்த மாணவர் அவரிடம் மனம் திறப்பார்? கவுன்சிலிங் அறை முதல்வர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால், வாசலில் காத்திருப்பதே பேச்சுப் பொருளாகிவிடும். வகுப்பு நேரத்தில் மட்டும் அறை திறந்திருந்தால் அட்டெண்டன்ஸ் போகும். காரணமும் சொல்ல வேண்டிவரும்.

அதனால் ஒரு கல்லூரியில் கவுன்சிலர் இருக்கிறாரா என்பதோடு, அவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்பதும் முக்கியம். முதல் சந்திப்பிலேயே மாணவர் நேரடியாகக் கேட்கலாம்: "நான் பேசுவதை எழுதி வைப்பீர்களா? அதை யார் பார்ப்பார்கள்? எந்தச் சூழலில் வீட்டுக்குச் சொல்வீர்கள்?" நல்ல கவுன்சிலர் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார், பல நேரங்களில் கேட்பதற்கு முன்பே விளக்கிவிடுவார். மழுப்பலான பதில் வந்தால், கல்லூரிக்கு வெளியே உதவி தேடுவது நல்லது.

கல்லூரிக்கு வெளியே எங்கே போகலாம்?

2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவ சேவைக்கு இணைப்பார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

நண்பர் ஒருவர் உங்களிடம் சொன்னால்?

பல மாணவர்கள் முதலில் சொல்வது ரூம்மேட்டிடம்தான். "இதுக்கெல்லாமா ஃபீல் பண்ணுவ?" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். குறுக்கிடாமல் கேளுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேசுவதற்கு வழிதான் பிறக்கும். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். கூடவே இருந்து கவுன்சிலரிடமோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் கேட்டாலும், உயிருக்கு ஆபத்து இருக்கும்போது அந்த ரகசியத்தைக் காக்க வேண்டியதில்லை.

*(தற்கொலை எண்ணம் தோன்றினாலோ, மன உளைச்சலில் இருந்தாலோ உடனே உதவி பெறலாம். டெலி மானஸ்: 14416. தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104. ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050.)*